ஹேவாஹெட்ட மலையில் ஊதிய ஸ்டார்ட்டர்

ஸ்பெனர் விற்கிறவனுக்கெல்லாம் கார் ரிப்பேர் தெரியும் என்று நம்புவது, மருந்துக்கடைக்காரனிடம் ஆபரேஷனுக்குப் படுப்பதற்குச் சமம். கண்டி டவுனில் ஓர் இரும்புச் சாமான் கடையில் நான் வேலை பார்த்த காலத்தில் எனக்கு இந்த ஞானம் கிடையாது. (இப்போதும் கொஞ்சம் குறைவுதான்.)

அப்போது பல கை மாறிய பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டர் 'கர்ர்ர்' என்று தகரத்தை அறுக்கும். மஹய்யாவயில் எங்கள் வீடு சரிவில் இருந்ததால், காரை உருட்டிவிட்டே கிளப்பிப் பழகியிருந்தேன். இந்த நேரத்தில்தான் ஹேவாஹெட்டவில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகளைப் பெண் பார்க்கப் போவதென்று முடிவானது. பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளை கார் தள்ளிக்கொண்டு நிற்பதா? மானம் என்னாவது?

முதல்நாளே மோட்டரைக் கழற்றினேன். இஞ்சினைச் சுழற்றிவிட்டுத் தானாகப் பின்வாங்கும் சின்னப் பல்சக்கரம் வறண்டு கிடந்தது.

"காஞ்சு போய்க் கெடக்கும்மா, அதான் கத்துது" என்று அம்மாவிடம் பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த கிரீஸை அள்ளி அள்ளி அப்பினேன். அந்தப் பல்லுக்குக் கிரீஸே ஆகாது, தூசி ஒட்டிச் சிக்கிக்கொள்ளும் என்பதெல்லாம் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டது.

மறுநாள் காலை கார் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. "எம்புள்ள கெட்டிக்காரன்!" என்று அம்மா திருநீறு பூசிவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

தோட்டத்துச் சந்தியில் தலை சீவுவதற்காகக் காரை நிறுத்தினேன். (பாழாய்ப்போன தலை!) திரும்ப ஸ்டார்ட் செய்ததும் பல்சக்கரம் இஞ்சினைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை. 'ஊஊஊ' என்று மலையே அதிர ஓலம். வேகம் கூடக்கூட ஓலமும் கூடியது. நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்று எனக்குப் பயம். ராகுகாலம் வந்துவிடுமே என்று அம்மாவுக்குப் பயம்.

"நிப்பாட்டாதடா, போ!" என்றார் அம்மா, காதைப் பொத்திக்கொண்டு.

மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கூடைகளோடு மளமளவென்று இறங்க ஆரம்பித்தார்கள். அடேயப்பா, வரவேற்பு பலமாக இருக்கிறதே என்று நான் கை வேறு காட்டினேன். பகல் சாப்பாட்டுக்கு ஃபெக்டரியில் ஊதுகிற சங்கு என்று நினைத்துவிட்டார்களாம்!

"யாரு இப்ப சங்கு ஊதுனது? இன்னும் நேரம் கெடக்கே! தொரை பாத்தா என் சீட்டக் கிழிச்சிருவாரே!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்த கணக்கப்பிள்ளை, ஊளையிட்டபடி வந்து நின்ற என் காரைப் பார்த்தார்.

"நீங்கதானா மாப்பிள?"

அந்தக் கேள்வியில் பாசம் மருந்துக்கும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்ணை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தம் போச்சு! அவர் கொழுந்துப் பெண்களைத் திருப்பி அனுப்ப மலையேறினார். பெண் கிடைக்காவிட்டாலும் அம்மாவை வீடு சேர்க்க வேண்டுமே என்று, பட்டுச் சட்டையோடு பொனட்டுக்குள் தலையை விட்டேன். மோட்டரைக் கழற்றி, மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி, கிரீஸையெல்லாம் துடைத்து மாட்டினேன்.

நிமிர்ந்தால், டீயோடு கணக்கப்பிள்ளையின் மகள் வசந்தி நிற்கிறாள். என் இரண்டு கையும் அட்டைக் கறுப்பு. கப்பைத் தொட முடியாமல் நான் முழிக்க, அம்மா எனக்கு டீ புகட்டினார். பெண் பார்க்கப் போன இடத்தில் பால்குடிப் பிள்ளையான மாப்பிள்ளை நான் ஒருவன்தான். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்த அவள் அப்பா, உள்ளே போய்ப் பேசியது எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

"ஒரு கார ஒழுங்கா ஓட்டத் தெரியாதவன், குடும்பத்த எப்புடிம்மா ஓட்டுவான்?"

"எனக்கு இவரே போதும்ப்பா. எங்க போனாலும் ஊருக்கே தெரிஞ்சிரும்ல."

மாமனார் வீட்டில் எனக்கு இன்றுவரை பெயர் 'சங்கு மாப்பிள்ளை'தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் செருப்பை மாட்டியதும் வசந்தி சமையலறையிலிருந்து, "என்னாங்க, சங்கு ஊதாமக் கெளம்புறீங்க?" என்கிறாள். எங்கே போகிறேன் என்று விவரமாகச் சொல்லாமல் நான் ஒருநாளும் படி இறங்கியதில்லை.