ரொமினாவின் பதினைந்து பேர்

ரொமினாவின் அணியில் இரண்டு பேருக்குக் காயம், ஒருவனுக்கு ஆடத் தடை. ரொமினா இறந்து பதினோரு வாரம்.

இதைச் சொல்லத்தான் மெல்கியோர் போன் செய்திருந்தார். அவள் வேலை பார்த்த பள்ளியின் கணக்கு வாத்தியார். சவப்பெட்டியின் வலது முன்மூலையைத் தூக்கியவர். அதனால் சுற்றி வளைத்தே தொடங்கினார்.

"சில்வான், தப்பா எடுத்துக்காதப்பா. நம்ம ஸ்டாஃப் ரூம் லீக் இருக்குல்ல..."

"ஃபுட்பால்."

"ஃபேன்டஸி ஃபுட்பால். இங்கிலாந்து லீக்லேர்ந்து ஆளுக்குப் பதினஞ்சு பிளேயரை எடுப்போம். அவனுங்க நெஜ மேட்ச்ல என்ன பண்றானுங்களோ அதுக்கு நமக்குப் பாயின்ட். ரொமினா டீம் அப்படியே கெடக்கு. பத்து வாரம் கை வைக்காத டீமைத் தூக்கிடணும்னு ரூல். நான்தான் போட்டேன், போன வருஷம், பி.டி. வாத்தியாரை மனசுல வச்சு. இப்ப பாரு..."

"இப்ப அவ எத்தனாவது?"

"அதான் பிரச்சினையே. மூணாவது."

"தொடாமலேயா?"

"தொடாமலேதான். நான் தெனம் ரெண்டு மணி நேரம் பாட்காஸ்ட் கேட்டுட்டு ஆறாவது."

ரொமினாவின் கணவன் சில்வான் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். சிஜ்ஜீவி ஊர்ச் சதுக்கத்தில் இருக்கும் மருந்துக்கடை அவனுடையது. இருமல் மருந்து கேட்ட அம்மாள் காத்திருந்தாள்.

"தூக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

"உனக்கு ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

"பரவால்ல. பி.டி. வாத்தியாருக்கும் தெரியாது."

ஃபுட்பால் என்று வந்தால் மால்டாவில் ஒரு வீடு இங்கிலாந்துப் பக்கம் இருக்கும், அல்லது இத்தாலிப் பக்கம். ரொமினாவின் அப்பா விஸ்தின் இத்தாலி, கோல் விடாமல் காப்பதே ஆட்டம் என்கிற கட்சி. பதினான்காவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முயல் வறுவலுக்கு நடுவில், தான் இனி இங்கிலாந்தின் எவர்ட்டன் கட்சி என்று ரொமினா அறிவித்தாள். அவர் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினார், கத்தலாக. அன்றிலிருந்து அந்த வீட்டு ஞாயிறுச் சாப்பாடு இரண்டு நாடுகளுக்கு நடுவில் நடந்தது. கல்யாணமான பிறகு சில்வானுக்கு நடுநாற்காலி கிடைத்தது. ரொட்டியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்துவது அவன் வேலை.

இப்போதும் ஞாயிறு போகிறான். டிவி அணைந்தே இருக்கிறது. விஸ்தின் "சாப்பிடு மாப்ள" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

கடவுச்சொல் சமையலறை இழுப்பறையில் இருந்தது, மின்சார ரசீதின் பின்புறம், அவள் கையெழுத்தில். வெள்ளிக்கிழமை மாலை அவள் போனில் அணியைத் திறந்தான். பதினைந்து முகங்கள். யாரையும் தெரியாது. கோல்கீப்பரின் முகம் பிடிக்கவில்லை, தூக்கம் கெட்டவன் போல இருந்தான். அவனை விற்று நன்றாகத் தூங்குகிற மாதிரி முகமுள்ள ஒருவனை வாங்கினான். கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு என்று போட்டிருந்தது. பொறுப்பான வேலை பார்ப்பவன் கோல்கீப்பர்தானே என்று அவனையே கேப்டன் ஆக்கினான்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அணி பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த வாரம் யாரும் எதையும் மாற்ற முடியாது. கடையைச் சாத்திவிட்டு ஒரு மணிக்குத் திறந்து பார்த்தான்.

கேப்டன் வேறு ஒருவன். தடுப்பாட்டக்காரர்களில் ஒருவன் போய் புதிதாக ஒருவன் வந்திருந்தான். முன்வரிசையில் ஒருவன்தான் மிச்சம். மற்ற இருவரும் பெஞ்சில்.

தானே தவறாக அழுத்தியிருப்போம் என்று நினைத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கவனமாகத் திருப்பி வைத்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு முறை சரிபார்த்து, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல.

சனிக்கிழமை மறுபடி மாறியிருந்தது.

வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம். மேலே போனால் ஒவ்வொன்றுக்கும் நான்கு புள்ளி கழியும். பதினோரு வாரமாகச் சேர்ந்திருந்த இலவசம் சீக்கிரமே தீர்ந்தது. பிறகு கழியத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை சில்வான் மாற்றினான், சனிக்கிழமை அது மாறியது. ரொமினா மூன்றிலிருந்து ஐந்துக்கு வந்தாள், ஐந்திலிருந்து எட்டுக்கு.

மெல்கியோர் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, பின்னாடி அஞ்சு பேர். முன்னாடி ஒரே ஒருத்தன், அவனும் அநாதையா நிக்கிறான். இது ஃபுட்பாலா, கோட்டைக் காவலா? ரொமினா இப்படி ஆடவே மாட்டா."

"நான் போடல."

"அப்ப யார் போட்டா?"

சில்வான் கல்லாவில் சில்லறையை அடுக்கினான். மெல்கியோர் தொண்டை வலி மாத்திரை ஒரு பட்டை வாங்கினார். அவருக்குத் தொண்டை வலி இல்லை.

"எவனோ உள்ள புகுந்திருக்கான்" என்றார் கிளம்பும்போது. "பாஸ்வேர்டை மாத்திடு."

சில்வான் மாற்றவில்லை. அவன் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் படித்தவன். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கடையைச் சீக்கிரம் சாத்த ஆரம்பித்தான். முகச்சவரம் செய்துகொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரே ஒருவனை மாற்றுவான். சனிக்கிழமை ஒரு மணிக்குத் திறப்பான். நடுவில் இருக்கும் அந்தப் பொழுதில் வீடு காலியாக இல்லை.

ஒரு வாரம் சோதித்தான். செம்பட்டை முடிக்கார முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். அவன் திரையில் தெரிந்தாலே ரொமினா சோபாத் திண்டைத் தூக்கி எறிவாள், "விழுந்தே சம்பாதிக்கிறான் நாய்!" என்று. சில்வான் அவனை வாங்கி, கேப்டன் ஆக்கி, படுக்கப் போனான்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு அவன் அணியிலேயே இல்லை. விற்றாகிவிட்டது.

சில்வான் சிரித்தான். பூட்டிய கடைக்குள் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தான். அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி முடிவதற்குள் ரொமினா பதினோரு பேரில் பதினோராவது. மெல்கியோர் மறுபடி போன் செய்தார்.

"சில்வான், இனிமே என்னால சமாளிக்க முடியல. பிரெஞ்சு டீச்சர் ஸ்டாஃப் ரூம்ல அழறா. செத்தவ பேரை வச்சு எவனோ விளையாடறான், கல்லறையைத் தோண்டற மாதிரி இருக்குங்கறா. ஒண்ணு பாஸ்வேர்டை மாத்து. இல்லேன்னா நான் டீமைத் தூக்கிடறேன். தூக்க எனக்குக் கை வராது. வர வைக்காதே."

அந்த வெள்ளிக்கிழமை சில்வான் கடவுச்சொல்லை மாற்றினான். புதியதற்கு எந்த அர்த்தமும் இல்லை, ஏதோ ஒரு மருந்தின் பெயரும் அளவும்.

சனிக்கிழமை தேவாலயத்தில் பன்னிரண்டு மணி அடித்தது. கடையைச் சாத்தாமலேயே திறந்து பார்த்தான். எல்லாரும் அவன் வைத்த இடத்தில் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

அந்த வாரம் ரொமினாவுக்கு எழுபத்தொரு புள்ளி. லீக்கிலேயே அதிகம்.

"பாத்தியா! எவனோ ஒருத்தன்தான்!" என்றார் மெல்கியோர் போனில். "இப்ப ஒழிஞ்சான். வாழ்த்துகள்ப்பா!"

"ம்" என்றான் சில்வான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் விஸ்தினின் நாற்காலி காலியாக இருந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து படுத்த படுக்கை" என்றாள் மாமியார் பவ்லினா. "வயிறுங்கறார். ஒரு பருக்கை உள்ள போகல. அடக்கத்தன்னிக்குக்கூட இப்படி இல்ல மாப்ள."

"மாத்திரை அனுப்பறேன் அத்தை."

கேள்வி கேட்கும் நிலையில் அவன் இல்லை. அவனும் ஒரு பருக்கை சாப்பிடவில்லை. பவ்லினா இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு முயலை எடுத்து உள்ளே வைத்தாள்.

அடுத்த வாரம் அறுபத்தெட்டு புள்ளி. ரொமினா ஏழாவது. பிரெஞ்சு டீச்சர் கேக் அனுப்பினாள். கேக்கை என்ன செய்வதென்று தெரியாமல் எடை பார்க்கும் மெஷின் மேல் வைத்திருந்தான் சில்வான். அது இரண்டு நாள் எடை காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறும் விஸ்தின் படுக்கையில். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சில்வான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நாடி பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது.

"மாமா, டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்." திரும்பாமலேயே சொன்னார். "மாப்ள, நீயும் ஒவ்வொரு ஞாயிறும் வரணும்னு இல்ல. உனக்கு வயசிருக்கு."

சில்வான் வீடு வரை நடந்தே வந்தான். மேசையில் உட்கார்ந்து போனை எடுத்தான். ஏழாவது இடம், அறுபத்தெட்டு புள்ளி, நல்ல அணி. அதில் யாரும் இல்லை. மின்சார ரசீதைத் தேடி எடுத்து, பழைய கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் திரும்ப வைத்தான். மெல்கியோர் தூக்கினால் தூக்கட்டும்.

வெள்ளிக்கிழமை வந்ததும் நன்றாகத் தூங்குகிற முகமுள்ள அந்தக் கோல்கீப்பரை மறுபடி கேப்டன் ஆக்கினான்.

சனிக்கிழமை பத்து மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரைக்குப் பதிலாகச் சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தான், அவரே திருப்பித் தந்தார். ஒரு மணிக்குத் திறந்தான்.

பின்னாடி ஐந்து பேர். முன்னாடி அநாதை ஒருவன். மைனஸ் எட்டு.

போன் உடனே அடித்தது. "சில்வான், மறுபடியும் அவன் வந்துட்டான்!" என்று மெல்கியோர் கத்தினார். "மைனஸ் எட்டு! பாத்தியா?"

"பாத்தேன்" என்றான் சில்வான். "ரொம்ப நல்லாருக்கு."

எதிர்க்கடையில் பஸ்டிட்சிப் பலகாரம் ஒரு முழுத் தட்டு வாங்கி, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாருக்கும் கொடுத்தான். பாலாடைக்கட்டி வைத்தது, பட்டாணி வைத்தது, கேட்டவருக்குக் கேட்டது. அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று ஒரு வெளியூர்க்காரர் நினைத்துக்கொண்டு கை கொடுத்தார். சில்வான் மறுக்கவில்லை.

இதை ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் என்று அன்று இரவு முடிவு செய்தான். மெல்கியோரிடம் சொல்ல முடியாது. பாதிரியாரிடமும் முடியாது. படுத்துக் கிடக்கும் அந்த மனுஷனிடம் சொல்லலாம். அவள் எங்கேயோ இருக்கிறாள், இன்னும் நம்மோடு வம்பு செய்கிறாள் என்று தெரிந்தால் ஒரு வாய் சாப்பிடுவார். எப்படித் தொடங்குவது என்று வாக்கியத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை போனபோது விஸ்தின் மேசையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த முகம், தேய்த்த சட்டை. முயலை மூன்று முறை கேட்டு வாங்கினார். எலும்பை உறிஞ்சினார்.

"மருந்து வேலை செஞ்சிடுச்சு மாப்ள" என்றாள் பவ்லினா பூரிப்போடு.

சில்வான் அனுப்பிய மாத்திரை அட்டை ஜன்னலோரம் அப்படியே இருந்தது, ஒன்றுகூடப் பிரிக்காமல்.

காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு விஸ்தின் கண்ணைக் காட்டினார். இருவரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். காற்றடித்தது. கொடியில் துணிகள் படபடத்தன. விஸ்தின் படிக்கட்டுக் கதவைச் சாத்தி, அது சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார்.

"மாமா" என்றான் சில்வான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொமினாவைப் பத்தி."

"இரு, நான் முதல்ல சொல்லிடறேன். புருஷன்கிட்ட மறைக்கறது பாவம்" என்றார் விஸ்தின். "அவ போகல மாப்ள. அவளோட பழைய டேப்லெட் எங்க வீட்டுலதான் கெடக்கு, அதுல அவ டீம் இருக்கு, நடுவுல ரெண்டு வாரம்தான் திறக்கவே இல்ல. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் வந்து எவனையாவது மாத்தி வச்சிட்டுப் போறா, எல்லாம் தப்புத் தப்பா, சனிக்கிழமை காலையில நான்தான் உக்காந்து சரி பண்ணிக்கிட்டிருக்கேன்."