பதினேழாம் எண் மயில்

இருபது வருடம் படித்தவரைவிட இரண்டு நாள் படித்தவனால் அதிக நேரம் பேச முடியும். இதை நான் மும்பை செம்பூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்நூறு பேருக்கு முன்னால் நிரூபித்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மாட்டுங்காவில் அப்பா அம்மாவுடன் வாசம், குர்லாவில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. கோட்டைப் பக்கம் ஒரு கேலரியில் ‘கலையை ரசிப்பது எப்படி’ என்று சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். போனேன். (ஏசி ஹால் என்று போட்டிருந்தது.) முடிவில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை ஃபேஸ்புக்கில் போட்டேன். அன்று முதல் யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் மாட்டிய காலண்டருக்கு முன்னால் நின்று, இரண்டடி பின்வாங்கி, கண்ணைச் சுருக்கி “ம்ம்ம்” என்பேன். “பவர் ஏறியிருக்கும், கண் டாக்டர்கிட்ட காமிச்சுக்கோடா” என்றாள் அம்மா.

அந்தச் சான்றிதழை உலகத்தில் ஒருவர் மட்டும் நம்பினார். செம்பூரில் ஒரு தமிழ் அமைப்புக்குத் தலைவராக இருந்த வைத்தா மாமா. அப்பாவின் சிநேகிதர். அவர்கள் நடத்தும் கலைப் போட்டிக்கு நடுவராக வர இருந்த ஓவியப் பேராசிரியருக்குத் திடீரென்று டெங்கு.

“நீ ஆர்ட் எல்லாம் படிச்சிருக்கியாமே?” என்றார் போனில்.

‘அப்படியெல்லாம் இல்லை மாமா’ என்று சொல்லியிருக்க வேண்டும். “எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டேன்.

இந்த இடத்தில் கனியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அலுவலகத்தில் அடுத்த மேஜை. தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். இரண்டு வருடமாகக் காதல். அவளுடைய அப்பா இசக்கிமுத்து என்னைப் பார்க்கவே சம்மதிக்காமல் இருந்தார். அவர் “கல்யாண வேலை எடுத்துச் செய்றாவ” என்று கனி சொல்லியிருந்தாள். பந்தல் காண்ட்ராக்டர் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. (அப்போது நான் பேசுகிற ரகம், கேட்கிற ரகம் இல்லை.)

நடுவர் விஷயத்தைச் சொன்னதும் கனிக்கு ஏக சந்தோஷம். “எங்கப்பாவும் அந்த ஃபங்ஷனுக்கு வாராவ. நீ மேடையில கௌரவமா உக்காந்திருக்கிறத பார்க்கட்டும். ஆனா ஓவரா பேசிராத. தோடா கன்ட்ரோல், கொஞ்சம் அடக்கி வாசி.”

ஞாயிற்றுக்கிழமை போனேன். மொத்தம் இருபத்திரண்டு படைப்புகள். பெயர்களை மறைத்து எண்கள் மட்டும் ஒட்டியிருந்தார்கள். பலகையில் போட்ட கோலம், ஒரு பெரியவரை வரைந்த பென்சில் ஓவியம், மண் ஜாடி, தர்பூசணியில் செதுக்கிய தாமரை என்று வரிசையாக இருந்தன. பதினேழாம் எண், ஒரு மயில். நாலடி உயரம். நீலப் பட்டுச்சேலையை மடித்து உடம்பும் கழுத்தும், பச்சைப் பச்சையாகப் பன்னிரண்டு துண்டுகளை விசிறி போல் விரித்துத் தோகை. தையல் கிடையாது, பசை கிடையாது, வெறும் குண்டூசிகள். கல்யாணச் சீர்வரிசைத் தட்டுகளில் வைப்பார்களே, அந்த ரகம். ஆனால் இது இப்போதே தலையைத் திருப்பி ‘என்ன?’ என்று கேட்டுவிடும் போல இருந்தது.

‘அடேங்கப்பா’ என்று என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். சான்றிதழ் வாங்கியவன் அடேங்கப்பா என்று சொல்லலாமா?

முடிவை அறிவிக்கும் முன் கலையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி மாமா மைக்கைக் கொடுத்தார். இருபத்தைந்து நிமிடம் பேசினேன்.

“கலை என்றால் என்ன?” என்று ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. “எதற்கும் பயன்படாதது எதுவோ, அதுவே கலை. பயன் வந்துவிட்டால் கலை போய்விடும்!” (இந்த இலக்கணத்தை வகுப்பில் இரண்டாம் நாள் காலையில் சொன்னார்கள். அது ஏன் தவறு என்பதை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னார்களாம். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.)

பிறகு ஒவ்வொரு படைப்பாகத் தள்ளுபடி செய்தேன். கோலத்தின் அரிசி மாவு எறும்புக்கு உணவு, ஆகவே அது சமையல். ஜாடியில் தண்ணீர் வைக்கலாம், ஆகவே அது பாத்திரம். பெரியவரின் ஓவியம் பிற்காலத்தில் மாலை போட உதவும், ஆகவே கலை அல்ல. (அந்தப் பெரியவரே இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.)

பதினேழுக்கு வந்தபோது கனி உள்ளே நுழைந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைனில் மெகா பிளாக், ரயில் ஓடவில்லை; பஸ் பிடித்து வேர்த்து விறுவிறுக்க வந்திருந்தாள். மயிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உடனே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வேகவேகமாக ஆட்டினாள். என் பேச்சில் மயங்கிவிட்டாள் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

“இது மயிலா? இல்லை! ஊசியை எடுத்தால் சேலை. இன்னொரு ஊசியை எடுத்தால் தலை துவட்டும் துண்டு. இதைக் கலை என்றால், துணிக்கடையில் இருப்பதெல்லாம் மியூசியமா?”

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையிலிருந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் எழுந்து மேடைக்கு வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“தம்பி சொல்லுதது வாஸ்தவம்தான். அவுத்தா சேலைதான்” என்று சொல்லிவிட்டு, மயிலின் கழுத்துக்கு அடியிலிருந்து ஒரே ஒரு ஊசியை உருவினார்.

கழுத்து சரிந்தது. தோகை ஒவ்வொரு துண்டாக விழுந்தது. நாலடி மயில் மேஜையில் துவைத்துப் போட்ட துணிக் குவியல் ஆயிற்று.

“அய்யோ!” என்றது முந்நூறு பேர் கூட்டம். நானும்தான். என் ‘அய்யோ’ மைக்கில் கேட்டது.

அவர் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எதுக்கு அய்யோங்கிய? சேலை இருக்கு, துண்டு பன்னெண்டும் இருக்கு. ஒண்ணும் களவு போகலையே?”

மைக்கைக் கீழே வைத்தேன். அந்தக் காலை நேரத்தில் அது முதல் தடவை.

“அப்பா!” என்று கனி மேடையை நோக்கி ஓடிவந்தாள்.

அப்பாவா? (அவர் போட்டிக்கு மயில் கொடுத்திருந்தது கனிக்கே அன்றுதான் தெரியுமாம்.) “ஐயா… மன்னிச்சுக்கோங்கோ… மறுபடியும் கட்டிடுங்கோ” என்றேன்.

“ரெண்டு மணி நேரம் ஆவும் தம்பி. நீங்க கட்டுங்க. துணிதான?”

மண்டியிட்டுக் கட்டினேன். ஊசி விரலில் ஏறியது. கழுத்து நிற்கவில்லை, நின்றபோது பின்னால் பார்த்தது. தோகை என்று நான் வைத்தது முன்பக்கம் வந்து சேர்ந்தது. கால் மணி நேரம் கழித்து விலகி நின்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை, “மம்மி, முர்கி பீமார் ஹை” என்றது. (கோழிக்கு உடம்பு சரியில்லையாம்.) ஹால் முழுவதும் வெடித்துச் சிரித்தது. மாலை போடப்பட வேண்டிய பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வைத்தா மாமா மைக்கை எடுத்து, பதினேழுக்கு முதல் பரிசு என்று அறிவித்தார். அந்த நேரத்தில் பதினேழாக நின்றது என்னுடைய நோயாளிக் கோழிதான்.

ஒரு மாதம் கனி என்னோடு பேசவில்லை. அடுத்த மேஜையிலிருந்து மெயில் மட்டும் வரும், ‘டியர் சார்’ என்று. பிறகு ஒருநாள் அவளாகவே வந்து நின்றாள். “அப்பா உன்னை வீட்டுக்கு வரச் சொன்னாவ.”

“திட்டவா?”

“நானும் கேட்டேன். ‘கிறுக்கன் மாதிரி பேசினான், நெசம்தான். ஆனா கட்டுன்னு சொன்னதும் அத்தனை பேர் சிரிக்கையிலயும் ஓடாம கட்டிட்டுல்லா எந்திரிச்சான்’னாவ.”

அடுத்த ஆண்டு கல்யாணம். மும்பையில் பாதித் தமிழ்க் கல்யாணங்களுக்குச் சீர்த்தட்டு ஜோடிக்கிறவர், சொந்த மகளுக்கு என்ன செய்யப் போகிறார் என்று என் உறவுக்காரர்கள் போனும் கையுமாகக் காத்திருந்தார்கள். இருபத்தோரு தட்டுகள் வந்தன. இருபதில் சேலையும் வேட்டியும் துண்டும் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு பூ கூட இல்லை.

“மாப்பிள்ளைக்கு இப்படித்தான் பிடிக்கும்” என்றார் மாமனார், என் அம்மாவிடம், மிகுந்த பணிவோடு.

இருபத்தோராவது தட்டில் என் கோழி நின்றது. அதே கோணல் கழுத்து, அதே முன்பக்கத் தோகை. யாரோ அன்று எடுத்த போட்டோவைப் பார்த்து, மாமனார் ஒரு மடிப்பு விடாமல் செய்திருந்தார். அம்மா முதலில் பார்த்து “அடேங்கப்பா” என்றாள். அவளைத் தொடர்ந்து மண்டபமே சொன்னது. அன்று அத்தனை போட்டோக்களும் அதற்குத்தான் எடுத்தார்கள். மணமக்கள் இரண்டாம் பட்சம்.

இன்றைக்கும் மாமனாரின் வாட்ஸ்அப் விலைப்பட்டியலில் மயில், யானை, அன்னம் ஆகியவற்றுக்குக் கீழே ‘மாப்பிள்ளை’ என்று ஒன்று இருக்கிறது. நன்றாகப் போகிறதாம். போன மாதம் பாண்டுப்பில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு போயின. கழுத்து போதிய அளவு கோணலாக இல்லை என்று அதில் ஒன்று திரும்பி வந்துவிட்டது.