அடுப்பில் வைத்த சிலுவை

பவுடர் சிலுவையில் ஒட்டவில்லை. சைமன் மேல் ஒட்டியது.

கிளாடிஸ் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். புருவம், காது மடல், மூக்குக்கண்ணாடி, பனியன் எல்லாம் வெள்ளை. இட்லி மாவில் விழுந்து எழுந்தவர் மாதிரி இருந்தார். சிலுவை மட்டும் கம்பியில் தொங்கியபடி, துருவைச் சுரண்டிய வெறும் இரும்பாக, கறுப்பாகவே இருந்தது.

"ஏனுங்க, நீங்களே கோட்டிங் பண்ணிக்கறீங்களா?"

"எர்த் கிளிப்ப சிலுவையில மாட்டறதுக்குப் பதிலா என் பெல்ட்டுல மாட்டிப்போட்டேன்," என்றார் சைமன். பேசும்போது வாயிலிருந்து புகை மாதிரி கொஞ்சம் பவுடர் வந்தது. "ஆனா பாரு, துப்பாக்கி வேலை செய்யுது!"

அந்தத் துப்பாக்கி அவரே செய்தது. பழைய கொசு பேட்டின் உள்பாகம், மீன்தொட்டி மோட்டார், ஒரு தக்காளி சாஸ் பாட்டில். பவுடருக்கு மின்சாரம் ஏற்றித் தெளித்தால் அது இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் உருகி, கெட்டியான பூச்சாகிவிடுமாம். இருபது வருடத்துக்குத் துரு எட்டிப் பார்க்காது என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து சைமனுக்கு வீடியோதான் வேதாகமம்.

முதலில் ஊருக்குள் கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில்தான் கேட்டார்கள். "ஒத்தைச் சிலுவைக்கெல்லாம் அடுப்புப் பத்த வெக்க முடியாதுங்க. வீட்டுக் கேட்டு, சன்னல் ஏதாச்சு இருந்தா சேத்திக் கொண்டாங்க," என்றார்கள். சிலுவைக்காக வீட்டுக் கேட்டைக் கழற்ற முடியுமா? சைமன் இரண்டு நாள் யோசித்தார். கிளாடிஸ்தான் தடுத்தாள்.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். பல்லடத்திலிருந்து ஜோவிதா வருவார். சைமனின் அக்கா.

மாமியார் இறந்தது கொரோனா சமயத்தில். கல்லறைத் தோட்டத்துக்குள் யாரையும் விடவில்லை; புதைத்தவர்களே சிலுவையும் நட்டுவிட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்றுதான் செபம் சொன்னார்கள். அதனாலோ என்னவோ, ஜோவிதாவுக்கு அந்தக் கல்லறை மேல் அப்படியொரு கண். வருடா வருடம் வருவார். பூ வைப்பார், மெழுகுவத்தி ஏற்றுவார். கடைசியில் சிலுவையின் மேல் ஆள்காட்டி விரலை ஒருமுறை இழுப்பார். விரலில் ஒட்டிய துருவைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். முந்தானையில் துடைத்துக்கொள்வார்.

அந்த விரலைத்தான் கிளாடிஸால் தாங்க முடியவில்லை. திட்டினால் பதில் சொல்லலாம். விரலுக்கு என்ன பதில் சொல்ல? ஏழு வருடம் அந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊற்றி, கால் பிடித்து, மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் அவள். எல்லாவற்றையும் ஒரு விரல் துடைத்துப் போட்டுவிடுகிறது. ஒரே ஒரு வருடம் அந்த விரல் சுத்தமாகத் திரும்ப வேண்டும். அதற்குமேல் அவளுக்கு எந்த மோட்சமும் வேண்டாம்.

"பேர் எழுதின தகடு ஒண்ணு இருக்கோணுமில்லீங்க?" என்றாள்.

"மொத வருசம் நாம பாத்தப்பவே இல்ல, இப்ப நான் பிடுங்கிட்டு வரயிலயும் இல்ல. துருப்பிடிச்சு உழுந்திருக்கும். அத உடு, பவுடர் தீந்துபோச்சு. இன்னொரு டப்பா இருந்துச்சே?"

"அங்கதான் இருக்கும் பாருங்க," என்று சொல்லிவிட்டு அவள் தரையைத் துடைக்கக் குனிந்தாள்.

இந்த முறை கிளிப் சரியான இடத்தில் இருந்தது. சிலுவை பனி மூடின மாதிரி வெளுத்தது. கிளாடிஸுக்கே கண் நிறைந்துவிட்டது.

ஆனால் அடுப்புக்குள் முக்கால்வாசிதான் போனது. அவள் கேக் சுடுகிற மின்சார அடுப்பு அது. அடிக்கம்பு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது; கதவு சாத்தவில்லை.

"சித்த சாய்ச்சு வெச்சுப் பாருங்க."

"சாய்ச்சாச்சு, குப்புறவும் வெச்சாச்சு. அம்மா உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான், எதுலயும் அடங்க மாட்டாங்க. வெளிய நிக்கறது மண்ணுக்குள்ள போற பாகந்தான், உடு. இந்தச் சந்த அடைக்கோணும், அவ்வளவுதான்."

வாங்கின கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு சாஜிதா பேகம், அடுப்பையும் சிலுவையையும் வெள்ளை சைமனையும் மாறி மாறிப் பார்த்தாள். நல்ல பெண். ஏன் என்று கேட்கவில்லை.

"மூடி சேரலைன்னா மைதா மாவு பெசஞ்சு சுத்தி ஒட்டிருங்கக்கா. நாங்க பிரியாணி தம்முக்கு அப்படித்தான் போடுவோம். ஆவி ஒரு சொட்டு வெளிய வராது."

அப்படியே செய்தார்கள். மாமியாரின் கல்லறைச் சிலுவை தம்மில் ஏறியது.

"அப்பறம் கிளாடிஸ்," என்றார் சைமன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "இனிமே இந்த அடுப்புல திங்கற சாமான் எதுவும் வெக்கக்கூடாதாம்."

"என்னது! அடுத்த வாரம் மூணு கேக் ஆர்டர் இருக்குது! இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"முன்னாடியே சொன்னா நீ உடுவியா?"

அவள் அடுப்பின் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினாள். விரல் ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

பதினைந்து நிமிடத்தில் வீடு முழுக்க ஒரு மணம் பரவியது. பெயிண்ட் மணம் இல்லை. ரப்பர் மணமும் இல்லை. பாகு மணம். புட்டிங்குக்குச் சர்க்கரை கருகவிடும்போது வருகிற அதே மணம்.

கிளாடிஸ் ஓடிப்போய் மேசையைப் பார்த்தாள். பவுடர் டப்பா மூடியபடி அப்படியே இருந்தது. பக்கத்தில் காலியாகக் கிடந்தது அவளுடைய ஐஸ்கிரீம் டப்பா. மேலே அவள் கையெழுத்து: ஐசிங் சர்க்கரை.

"எழுதித்தானே வெச்சிருக்கேன்!"

"கண்ணாடி பூரா பவுடர் கெடக்குது, எழுத்து எங்க தெரிஞ்சுது? பாட்டில் அடியில மிச்சம் இருந்த பவுடரோட கலந்துதான் அடிச்சேன்..."

கதவைத் திறக்கப் போனால் திறக்கவில்லை. மைதா வெந்து, கதவையும் சிலுவையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. திருப்புளி போட்டு நெம்பித் திறப்பதற்குள் இன்னும் பத்து நிமிடம் போனது. சிலுவை வெளியே வந்தபோது மைசூர்பாகு நிறத்தில் இருந்தது. இரண்டு கைகளிலிருந்தும் பாகு சொட்டி, சொட்டியபடியே உறைந்திருந்தது.

"இதுக்கு டெக்ஸ்ச்சர் பினிஷுன்னு பேரு," என்றார் சைமன். "கடையில இதுக்குத் தனி ரேட்டு."

கிளாடிஸ் ஈரத்துணியால் துடைத்தாள். பளபளப்பு போய்ப் பிசுபிசுப்பு வந்தது. விடியும்போது கொல்லையிலிருந்து அடுப்பு மேடைவரை ஒரே கோடாக எறும்பு. எறும்புக்கு மஞ்சள்தூள் போட்டால் போய்விடும் என்று சைமன் போட்டார். எறும்பு போனது. மஞ்சள் போகவில்லை.

அந்தக் கோலத்தில்தான் சிலுவையைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். வேறு வழியில்லை. சிலுவையே இல்லாத கல்லறையைவிட மஞ்சள் சிலுவை மேல் என்று கிளாடிஸ் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்தில் நட்டு முடித்து மண்ணைத் தள்ளுவதற்குள் அங்கத்திய எறும்புகள் வந்துவிட்டன. பின்னாலேயே ஜோவிதாவும், கை நிறையச் செண்டுமல்லியோடு.

"இதென்ன நிறம்?"

"பவுடர் கோட்டிங்குங்க அக்கா," என்றார் சைமன். "புது மாடல்."

ஜோவிதா பூ வைத்தார். மெழுகுவத்தி ஏற்றினார். கண்ணை மூடி செபம் சொன்னார். பிறகு விரலை நீட்டினார்.

கிளாடிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

விரல் பாதி வழியிலேயே ஒட்டிக்கொண்டது. ஜோவிதா அதைப் பிய்த்தெடுத்தார். முகர்ந்தார். சிலுவையில் ஊர்கிற எறும்பைப் பார்த்தார். இன்னொருமுறை முகர்ந்தார்.

"கிளாடிசு... இது சக்கரையா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். "ஆமாங்க அண்ணி," என்றாள்.

ஜோவிதா அவளை நெருங்கி வந்தார். "அம்மாவுக்குச் சக்கரை வியாதின்னு கடேசி ஏழு வருசம் ஒரு லட்டு கண்ணுல காட்டல நீ. சாகற அன்னிக்குக்கூட போன்ல, 'ஜோவி, ஒரு வாய் இனிப்பு வாங்கிட்டு வா கண்ணு'ன்னாங்க. ஊரடங்குல என்னால வர முடியல. அந்தக் கோவத்துலதான் உன்ற கூட முகம் குடுத்துப் பேசாம இருந்தேன். இன்னிக்கு நீயே அம்மா மேல இப்படிச் சக்கரையா பூசி..."

ஜோவிதா கிளாடிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். விரல் கிளாடிஸின் சேலையில் ஒட்டிக்கொண்டது. கிளாடிஸும் அழுதாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, எது உண்மை என்று அவளுக்கே தெரியவில்லை. மாமியார் கைக்கு எட்டாமல் ஏழு வருடம் பூட்டி வைத்த சர்க்கரை டப்பாவின் சாவி தன் நெஞ்சிலும் கனத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று தோன்றியது. ஒரு டப்பா மாறிப்போனதில் அது இறங்கிவிட்டது. சைமன் இருவரையும் பார்த்துவிட்டு, இதையும் தன் துப்பாக்கியின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர் போல மார்பை நிமிர்த்தினார்.

கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் ஏசுவடியான் தண்ணீர்க் குடத்தோடு வந்து சற்றுத் தள்ளியே நின்றார். அழுது ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஏனுங்கம்மணி, தப்பா நெனைக்காதீங்க, ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தேன். கடேசி வரிசையில இருக்கற உங்க அம்மாவ ஒருக்காகூட எட்டிப் பாக்காம, வருசா வருசம் இந்த அந்தோணி வாத்தியாருக்கு இத்தனை செய்யறீங்களே... இவரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?"