சூட்டரும் செல்வமணியின் கோழிகளும்

உலகத்து உயிர்களை மனிதர், விலங்கு, பறவை என்று பிரிப்பது பெரும் பிழை, வேர்ப்பவை, வேர்க்காதவை என்ற இரண்டே சாதிதான் உண்டு என்று நம்புகிற ஒரே மனிதர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கலாம். எங்களுக்கு அவர் சூட்டர்.

மருதனார்மடத்திலிருந்து மயிலிட்டித் துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி ஏற்றுவது அவர் தொழில். கையில் இருப்பது குளிர் என்றாலும் யோசிப்பதெல்லாம் சூட்டைப் பற்றித்தான். காகம் ஏன் வாயைப் பிளக்கிறது, ஓணான் ஏன் காலையில் மதிலில் படுக்கிறது, ஆட்டின் காது ஏன் மத்தியானத்தில் கொதிக்கிறது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. அயல் வீட்டு ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றதற்காக, ஆட்டுக் கள்ளன் என்று ஒருமுறை துரத்தப்பட்டார்.

இன்னொரு முறை, எருமை ஏன் தண்ணீரை விட்டு எழும்புவதில்லை என்று அறியக் கீரிமலைக் கேணியில் கழுத்தளவு நீரில் கண்ணை மூடி அசையாமல் இருந்தார். பிதிர்க்கடன் செய்ய வந்த குடும்பம் ஒன்று யாரோ யோகி என்று எண்ணிக் கும்பிட்டு ஆசி கேட்டது.

"கொஞ்சம் பொறுங்கோ, மண்டை இன்னும் சூடாக் கிடக்கு" என்றார் சூட்டர். அவர்கள் அதற்கும் உட்பொருள் தேடிக்கொண்டு போனார்கள்.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் செல்வமணி தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறார். இறைச்சிக் கோழிகள்தான் வருமானம். ஒரு சித்திரை மத்தியானம் மின்சாரம் நின்றது. கோழிக் கொட்டிலின் விசிறிகளும் நின்றன. கோழிகள் எல்லாம் வாயைப் பிளந்து இளைக்கத் தொடங்கின. சில சரிந்தே விட்டன. கொட்டில் முழுவதும் போனால் பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடும். கூடிய சனம் இது அம்மாள் வருத்தம், அம்மை நோய்தான் என்று தீர்மானித்து வாசலில் வேப்பிலை கட்டியது.

மயிலிட்டிக்குப் புறப்பட்ட சூட்டர் செய்தி கேட்டு ஐஸோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"உது அம்மாளும் இல்லை, ஆச்சியும் இல்லை. கோழிக்கு வேர்க்காது தங்கச்சி. மூச்சாலைதான் அதுகள் சூட்டை வெளியாலை விடுறது."

சொன்னது சரி. செய்ததுதான் பிழை. கொட்டிலின் நாலு பக்கமும் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, சாக்குகளுக்குள் ஐஸை நிரப்பினார். உள்ளே கீரிமலை வரும் என்றார். வந்தது நீத்துப்பெட்டி. புட்டு அவிகிற மாதிரி உள்ளே புழுங்கியது. கோழிகள் முன்னையிலும் வேகமாக இளைத்தன.

"அண்ணை, நீங்கள் காப்பாத்துறியளோ, அவிக்கிறியளோ?" என்றார் செல்வமணி.

சூட்டர் சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே புகுந்தார். கோழிகளின் நடுவே குந்தி, வாயைப் பிளந்து, நாக்கை நீட்டி, அவற்றைப் போலவே இளைத்தார். சனம் சிரித்தது. அவர் நிறுத்தவில்லை. பிறகு உள்ளிருந்தே குரல் வந்தது.

"மூச்சின்ரை ஈரம் போக இடமில்லை. காத்து முழுக்க ஏற்கெனவே ஈரம். சாக்கை அவிழுங்கோ, விசுக்குங்கோ."

அவிழ்த்தோம். ஐஸைக் குடிதண்ணீரில் போட்டோம். சுளகு, அட்டைப்பெட்டி, பழைய பதாகை என்று கைக்கு வந்ததைக் கொண்டு எல்லாரும் விசுக்கினோம். ஐஸுக்குக் காத்திருந்த மீனவர்கள் அவருடைய கைபேசிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சூட்டர் அதை எடுக்கவில்லை, கொட்டிலை விட்டு வரவும் இல்லை. உள்ளே இருந்து இளைத்துப் பார்த்தால்தான் காற்றுப் போதுமா என்று தெரியுமாம்.

வெயில் தாழ்ந்தபோது கோழிகள் ஒவ்வொன்றாக அலகை மூடின. அவர் மட்டும் மூடவில்லை.

"அண்ணை, வாயை மூடுங்கோ. கோழியள் எல்லாம் மூடிட்டுதுகள்" என்றார் செல்வமணி.

சூட்டர் பேச மூச்சில்லாமல் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு கோழி இன்னும் இளைத்துக்கொண்டிருந்தது. செல்வமணி அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் இருந்து, இரண்டு பேருக்குமாக விசுக்கத் தொடங்கினார். கை நோகிறது என்று சுளகைக் கீழே வைத்திருந்த நான், அதை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கத்தில் போய் இருந்தேன்.