செய்யாத குற்றத்துக்குக் கடைசித் தேதி

போக்குவரத்து விதியை மீறியவருக்கு முப்பது நாளுக்குள் அபராத நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அபராதம் செல்லாது என்று மேலிடம் உத்தரவு போட்டது. நியாயமான உத்தரவுதான். அதுவரைக்கும் மூன்று வருஷம், நான்கு வருஷம் கழித்தெல்லாம் நோட்டீஸ் வந்துகொண்டிருந்தது. வண்டியை விற்றவர், ஊரை விட்டுப் போனவர், உலகத்தை விட்டே போனவர் என்று பலரும் அதைப் பெற்றுக் கலங்கினார்கள்.

அபராதப் பிரிவில் ஒரு நோட்டீஸ் தயாராகப் பதினொரு மாதம் ஆகும். கேமரா எடுத்த படத்தை ஒருவர் பார்க்க வேண்டும். அவர் பார்த்தார் என்று இன்னொருவர் எழுத வேண்டும். எழுதியது சரி என்று மூன்றாமவர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாமவர் பெரும்பாலும் விடுப்பில் இருப்பார். இதையெல்லாம் முப்பது நாளாகச் சுருக்கினால் நிர்வாகம் என்று சொல்லிக்கொள்ள என்ன மிஞ்சும் என்று கண்காணிப்பாளர் கவலைப்பட்டார். மூன்று நாள் யோசித்தவர் நான்காம் நாள் கோப்பில் எழுதினார்: ‘பணியைச் சுருக்க இயலாத நிலையில், அதனை முன்கூட்டியே தொடங்குவதே உசிதம்.’

இப்படித்தான் பள்ளிக்கூட வேன் டிரைவருக்கு நோட்டீஸ் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக வேன் ஓட்டுகிறவர். ஆள் அரவமே இல்லாத சந்திப்பிலும் சிவப்பு விழுந்தால் நின்றுவிடுவார். சக டிரைவர்கள் அவருக்கு ‘ஸ்டாப்பு’ என்றே பேர் வைத்திருந்தார்கள். அவர் மணிக்கூண்டுச் சந்திப்பில் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக நோட்டீஸ் சொன்னது. தாண்டிய தேதி, வரப்போகிற பதினான்காம் தேதி.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று அபராதப் பிரிவுக்குப் போனார். கவுண்ட்டரில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், இதுல தேதி தப்பா விழுந்திருக்கு. பதினாலு இன்னும் வரவே இல்ல.”

அம்மாள் வாங்கிப் பார்த்தார். “சரியாத்தான் இருக்கு. பதினாலாம் தேதிதான் தாண்டப் போறீங்க.”

“நான் தாண்ட மாட்டேன் மேடம். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடத் தாண்டினதில்ல.”

“அதைத்தான் நாங்களும் கவனிச்சோம். ஒரு வண்டிக்கு வருஷத்துக்குச் சராசரி ரெண்டு மீறல். உங்க பேர்ல ஒண்ணுமே இல்ல. அப்படிப் பார்த்தா நாற்பத்து நாலு பாக்கி. போனாப் போகுதுன்னு ஒண்ணு மட்டும் போட்டிருக்கோம்.”

“ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாமா?”

“தாராளமா. சம்பவம் நடந்த பிறகுதான் வாங்குவோம். பதினஞ்சாம் தேதி வாங்க.”

“வெள்ளிக்கிழமையோட லைசென்ஸ் முடியுது மேடம். அபராதம் நிலுவைல இருந்தா புதுப்பிச்சுத் தர மாட்டாங்க. பதினெட்டுப் பிள்ளைங்களை யாரு கூட்டிட்டுப் போவா?”

“அப்போ கட்டிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

கட்டினார். ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: ‘தொகை செலுத்தியதன் வாயிலாக மேற்படி மீறலைத் தாங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். குறித்த நாளில் மீறத் தவறுவது, அரசுக்குப் பொய்த் தகவல் அளித்த குற்றமாகக் கருதப்படும்.’

வீட்டில் அவர் மனைவி அதை இரண்டு முறை படித்தார்.

“என்னங்க, பொய்த் தகவல்னா ஜெயிலா?”

“இருக்கலாம்.”

“அப்போ பேசாம ஒரு தடவை தாண்டிட்டு வந்துடுங்க. பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு, வெறும் வேனோட.”

“எனக்குக் கால் வராது.”

“பக்கத்து வீட்டு அண்ணன் செவ்வாய்க்கிழமையே தாண்டிட்டாராம். இப்ப எவ்வளவு நிம்மதியா இருக்காங்க தெரியுமா?”

பதினான்காம் தேதி காலை, காலி வேனோடு மணிக்கூண்டுச் சந்திப்புக்கு வந்தார். சிவப்பு விழுந்தது. கால் தானாகப் போய் பிரேக்கில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினார்.

“அண்ணே, எனக்கும் இன்னிக்குத்தான் தேதி. நீங்க தாண்டினாத்தானே நான் தாண்ட முடியும்?”

போக்குவரத்துக் காவலரும் வந்துவிட்டார். “என்ன யோசனை? ரசீது இருக்கில்ல?”

“இருக்கு சார்.”

“அப்புறம் என்ன? இன்னும் எட்டு செகண்டுல பச்சை விழுந்துடும். அதுக்கப்புறம் போனா நான் என்னன்னு எழுதறது?”

காவலரே குறுக்குச் சாலையைக் கைகாட்டி நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார்.

ஒன்றும் ஆகவில்லை. வழக்கத்தைவிட நான்கு நிமிஷம் முன்னதாக வீட்டில் இருந்தார். டீயைக்கூட அன்றைக்குத்தான் ஆற அமரக் குடித்தார்.

மறுநாளிலிருந்து ஏதோ மாறிவிட்டது. சிக்னலில் நிற்கும்போது விநாடியை எண்ண ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக இவ்வளவு நேரமா நின்றுகொண்டிருந்தோம் என்று அவருக்கே வியப்பாக இருந்தது. ஒரு வாரம் பொறுத்தார். பிறகு அதே கவுண்ட்டருக்குப் போனார்.

“மேடம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒருவழிப் பாதை ஒண்ணு இருக்கு. எதிர்ப்பக்கமா புகுந்தா பத்து நிமிஷம் மிச்சம். அதுக்கு எனக்கு ஒரு நோட்டீஸ் கிடைக்குமா?”

அம்மாள் தலை நிமிரவில்லை. “விண்ணப்பம் எழுதிட்டு வாங்க. வரிசை வெளியில இருக்கு.”

வரிசை கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போயிருந்தது. ஸ்கூட்டர் பெண் நின்றார். பக்கத்து வீட்டு அண்ணன் நின்றார். வேனில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் பாதிப்பேர் நின்றார்கள். நெடுநேரம் ஆகியும் ஒருவர்கூட முந்தவில்லை, இடிக்கவில்லை, குறுக்கே புகவில்லை. வரிசையை மீறுவதற்கு அவர்களில் யாருக்கும் இன்னும் நோட்டீஸ் வந்திருக்கவில்லை.