அண்ணன் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

கூடப்பிறந்த அண்ணனை ஒரு காலைப்பொழுது முழுக்க இறந்தவனாக்கி வைத்திருந்தவள் நான். கத்தி எடுக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. கையில் இருந்தது ஒரு மவுஸ் மட்டும்தான். இதை நானாக வெளியில் சொல்ல ஆறு வருடம் ஆகியிருக்கிறது. (வீட்டில் இருப்பவர்கள் அந்த ஆறு வருடமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அது வேறு விஷயம்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசை வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா உலகம்மாளுக்குச் செங்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. மேலகரத்தில் மண்டபம் பிடித்தார்கள். அண்ணன் விசுவநாதன் மஸ்கட்டில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். போய் நாலு வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்திருந்தான். கல்யாணத்துக்கு லீவு கேட்டான். கம்பெனி தரவில்லை.

அம்மா அழவில்லை. ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் என்னிடம் வந்து, வாசலில் வைக்கும் பிளெக்ஸிலாவது அவன் நிற்கட்டும் என்றாள். நான் செய்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். தென்காசியில் பிளெக்ஸ் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் ஒருத்தி இருக்கும்போது வெளியே கொடுப்பது எனக்கு அவமானமாகப் பட்டது. நாலைந்து வீடியோ பார்த்திருந்தேன். மிச்சம் தைரியம்.

அண்ணன் அவனுடைய அறையில், வெள்ளைச் சுவர் முன்னால், டியூப்லைட் வெளிச்சத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினான். புதுச் சட்டை, எண்ணெய் தடவிய சுருட்டை முடி. சுவரை அழித்துவிட்டு ஆளை மட்டும் எடுக்க வேண்டும். வெள்ளையை ஒரே தட்டில் தேர்ந்தெடுக்கும் கருவி ஒன்று உண்டு. தட்டினேன், அழித்தேன், சுவர் போனது. திரையில் வெள்ளைப் பக்கத்தின் மேல் அண்ணன் சுத்தமாக நின்றான். இதற்குப் போய் ஆட்கள் கோர்ஸ் படிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பிளெக்ஸின் பின்னணிக்கு ஐந்தருவிப் படம் ஒன்றை வைத்திருந்தேன். கரும்பாறை, கரும்பச்சை மரங்கள். அதன் மேல் அண்ணனைக் கொண்டுவந்து வைத்ததும் தலையைச் சுற்றி, காதைச் சுற்றி, தோள் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. முடியும் சுவரும் சேரும் ஓரத்தில் இருக்கிற புள்ளிகள் பாதி முடி நிறமும் பாதி சுவர் நிறமுமாக இருக்கும். சுவரை அழித்தாலும் அந்தப் பாதி ஆளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வெள்ளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. இருட்டான படத்தின் மேல் வைத்தால்தான் பல்லைக் காட்டும். இதெல்லாம் இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு, அண்ணன் தலையில் ஏதோ பொடுகு என்றுதான் முதலில் நினைத்தேன்.

அழிப்பானை எடுத்து ஓரத்தைத் தேய்த்தேன். இடது காதில் பாதி போனது. காதை அப்படியே விட்டுவிட்டு முடிப் பக்கம் போனேன். சுருட்டை முடி போய் ஹெல்மெட் போட்ட மாதிரி ஆனான். ஓரத்தை மென்மையாக்கும் வசதி ஒன்று இருந்தது. அதைக் கொடுத்ததும் வெள்ளைக் கோடு வெள்ளைப் புகையாக மாறியது. இரண்டு நாள் போராடிய பிறகு எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. போகாத வெள்ளையை வேண்டுமென்றே வைத்த வெள்ளையாக ஆக்கிவிட்டால் என்ன? அண்ணனைச் சுற்றிப் பளபளவென்று ஓர் ஒளியைச் சேர்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் கீழே வரிசையாக நிற்க, இடம் போதாததால் அவனை மட்டும் மேலே, அருவிக்கும் மேகத்துக்கும் நடுவில் வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, இவன் மட்டும் ஏன் மினுங்குகிறான் என்று கேட்டாள். அதுதான் இப்போது ஸ்டைல் என்றேன். அச்சடிக்கும் கடை அண்ணாச்சியும் கேட்டார். ஓரத்தை இரண்டு புள்ளி உள்ளே இழுத்துவிட்டால் வெள்ளை போய்விடும், நான் செய்து தரட்டுமா என்றார். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அவரிடம் சொன்னேன். அவர் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

என் லேப்டாப்பில் நூல் அளவு இருந்த வெள்ளை, பத்தடி பிளெக்ஸில் என் உள்ளங்கை அகலத்துக்கு வந்து நின்றது. கல்யாணத்தன்று காலை ஆறரை மணிக்கு மண்டப வாசலில் அதைப் பார்த்தேன். மேகத்தில் அண்ணன், தலையைச் சுற்றி ஒளி. அப்போதும் எனக்கு விபரீதம் உறைக்கவில்லை. வெள்ளைதான் அசிங்கமாக இருக்கிறது என்று நினைத்தேன். தாம்பூலப் பைகளில் பெயர் எழுத வைத்திருந்த கறுப்பு மார்க்கரை எடுத்துவந்து, பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, கை எட்டிய வரைக்கும் வெள்ளையின் மேல் கறுப்பைத் தீட்டினேன். வெள்ளை முழுதாக மறையவில்லை. உள்ளே வெள்ளை வளையம், வெளியே கறுப்பு வளையம். பாதியில் அப்பா கூப்பிட்டார். இறங்கிப் போய்விட்டேன்.

எட்டு மணி வாக்கில் சிவகிரி மாமா வந்தார். அம்மாவுக்குப் பெரியப்பா மகன். போக்குவரத்து குறைந்துபோன சொந்தம். அண்ணன் சின்னவனாக இருந்தபோது லீவுக்கு அவர் வீட்டில்தான் கிடப்பான். வாசலில் பிளெக்ஸைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நேராக அம்மாவிடம் வந்தார். நான் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றேன்.

"எப்பம்மா?" என்றார், குரல் எழும்பாமல்.

அண்ணனுக்கு லீவு கிடைக்காததைக் கேட்கிறார் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். "போன மாசம் போன் வந்துச்சுண்ணே."

"இங்கன கொண்டார வழியே இல்லையா?"

"கம்பெனிக்காரன் விட மாட்டேங்கான். அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லுதான்."

மாமா திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தார். "அடுத்த வருசம் வரைக்குமா வச்சிருப்பான்?"

"ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வாங்கியிருக்கான்லாண்ணே." அம்மா பெருமூச்சு விட்டாள். "தாலி கெட்டுற நேரத்துக்கு வீடியோவுல வாரேன்னு சொல்லியிருக்கான். நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க."

மாமா அம்மாவின் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா என்னிடம், சிவகிரி அண்ணனுக்கு நம்ம மேல எவ்வளவு பாசம் பார்த்தியா என்றாள். (நானும் ஆமாம் என்றேன். சந்தனம்கூடக் கொடுத்தேன்.)

அழுகிற ஆளைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் கேட்கத்தான் செய்வார். மாமா சொல்லியிருக்கிறார். பிள்ளை போன துக்கத்தில் தங்கச்சி கோமதிக்குப் புத்தி கொஞ்சம் கலங்கியிருக்கிறது, யாரும் எதுவும் கேட்டுவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். மண்டபம் வரிசை வரிசையாக அமைதியானது. மாப்பிள்ளையைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்துவர, பெண்ணின் அண்ணனுக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் எழுந்து போனதும், சந்தேகப்பட்டவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா மேடையை விட்டு இறங்கினார். மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள்.

மணமகள் அறைக்குள் அம்மா, அப்பா, நான். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எதிரே. அப்பாதான் முதலில் என்ன விஷயம் என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா கோபப்படவில்லை. "ஒரு துட்டி நடந்திருக்கு. எங்கள்ட்ட சொல்லாம மறைச்சிட்டியளே," என்றார். "வருசம் திரும்பாம எப்படித் தாலி கெட்டுறது? ஒங்க பையன் போனது எங்களுக்கும் வருத்தம்தான்."

அந்த அறையில் நடந்ததை இன்றும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை. அன்று காலையில்தான் மஸ்கட்டில் ஏதோ நடந்துவிட்டது, தனக்குத் தெரியும் முன்பே இவர்களுக்குச் சேதி வந்திருக்கிறது என்று அம்மா நினைத்துவிட்டாள். "எம்பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று எதிரே நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். பிளெக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம் என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

ஒளி, மேகம், கறுப்பு வளையம் எல்லாம் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்து தெரிந்தது. வெள்ளைச் சுவர் என்றேன். ஓரத்துப் புள்ளி என்றேன். மார்க்கர் என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை. போனைப் போடு என்று அப்பா கத்தினார்.

போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அம்மா என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை, அவன் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாக வந்தது. (அது ஷார்ஜாவில் இருக்கும் சிவகிரி மாமா மகன். தன் அப்பா சொன்னதை உறுதிப்படுத்த அண்ணனின் நம்பருக்கே கூப்பிட்டிருக்கிறான். அண்ணன் ஹலோ சொன்னதும் பயந்து வைத்துவிட்டான்.) நான்காவது தடவை எடுத்தான். குடோன் சட்டை, பின்னால் அட்டைப்பெட்டிகள். "என்னட்டி, தாலி கெட்டியாச்சா?" என்றான்.

அம்மா போனைப் பிடுங்கி, அவன் பெயரைச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா அவளிடமிருந்து போனை மெதுவாக வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றான். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, மேளத்த வாசிக்கச் சொல்லுங்க," என்றார். மாப்பிள்ளையின் அப்பா போனை வாங்கிக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தார், ஒவ்வொரு வரிசைக்கும் அண்ணனைக் காட்டியபடி. அண்ணன் காரணம் தெரியாமலே எல்லாருக்கும் கும்பிடு போட்டான். சிவகிரி மாமா போனைத் தொட்டுப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் தாலி கட்டினார்கள்.

பிளெக்ஸை யார் கழற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டுப் பந்தியில் நான் தலையை நிமிர்த்தவில்லை.

சாயங்காலம் அண்ணன் எனக்கு மட்டும் தனியாகப் போன் போட்டான். திட்டப் போகிறான் என்று மண்டபத்துக்குப் பின்னால் போய் நின்று எடுத்தேன். யார் யார் அழுதார்கள் என்று கேட்டான். கேலி செய்கிறான் என்று நினைத்து மழுப்பினேன். இல்லை, நிஜமாகவே கேட்டான். பெயர் பெயராகச் சொன்னேன். சிவகிரி மாமாவைச் சொன்னதும், அவரா என்று இரண்டு தடவை கேட்டான். அவருக்குத் தன் முகம் மறந்திருக்கும் என்று நினைத்திருந்தானாம்.

"நான் இல்லாமலே அங்கன எல்லாம் நடந்துரும்னு நெனச்சேன்ட்டி," என்றான். "நடக்கத்தான் செஞ்சுது. ஆனா கொஞ்ச நேரம் நின்னுட்டுல்லா நடந்துச்சு."

மன்னிச்சிரு என்றேன். காதை மட்டும் ஏன் வெட்டினாய் என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அடுத்த வருடம் சாரல் சமயத்தில் வந்து ஒரு மாதம் இருந்தான். அதில் பத்து நாள் சிவகிரியில். எனக்கும் வேலை கிடைத்தது: கடைகளின் இணையதளங்களுக்காகச் செருப்பு, குக்கர், சேலை என்று ஒவ்வொன்றையும் பின்னணி நீக்கிக் கொடுக்கும் வேலை. எந்தப் படத்தையும் ஒரு தடவை கறுப்பு மேல் வைத்துப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை. என் மேனேஜர் என்னைப் பொறுமைசாலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சிவகிரி மாமாவுக்கு மட்டும் எங்கள் வீட்டு அழைப்பிதழ் மீது நம்பிக்கை திரும்பவே இல்லை. காதுகுத்து, பால்காய்ப்பு, எதற்குப் பத்திரிகை வைத்தாலும் வாங்கி மேஜையில் போட்டுவிட்டு, முதலில் மஸ்கட்டுக்குத்தான் போன் போடுவார்.

"ஏலே விசு, இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"சரி, அப்பம் நான் பொறப்படுதேன்," என்று வைத்துவிட்டு பஸ் ஏறுவார்.