மாஸ்டர் காலால் செய்த ஹெல்ப்

ஹெல்ப் என்ற சொல்லை ஒழுங்காகப் பயன்படுத்த இந்த உலகத்தில் யாருக்கும் தெரியவில்லை என்பது மாஸ்டருக்கு ரொம்ப நாளைய வருத்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஏணியை வாங்கிப் போய், ஒரு படியை உடைத்துத் திருப்பிக் கொடுப்பார். கேட்டால் 'ஒரு சின்ன ஹெல்ப்' என்பார். முதலாளி ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்வார். அதுவும் ஹெல்ப்தான். தெருவில் முன்பின் தெரியாதவர் "சார், ஒரு ஹெல்ப்" என்று ஆரம்பித்தால் சட்டைப்பையைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் அகராதியில் ஹெல்ப் என்றால் ஒன்றே ஒன்று. கற்றுக்கொடுப்பவர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக். ஓட்டுகிறவர் மறந்தாலும் பக்கத்தில் இருப்பவர் மிதித்தால் வண்டி நின்றுவிடும். ஸ்கூலில் அதற்குப் பேரே ஹெல்ப்புதான். "மாஸ்டர், ஹெல்ப்பு!" என்று படிக்க வந்தவர்கள் அலற, அவர் கால் அலட்டிக்கொள்ளாமல் இறங்கும். உலகமே தன் வலது காலை நம்பித்தான் ஓடுகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஸ்கூலில் தேய்ந்துபோன கார் ஒன்றை முதலாளி தள்ளிவிட, மாஸ்டர் வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். இரண்டாவது பிரேக்கும் சேர்ந்தே வந்தது. தொல்லையும் சேர்ந்தே வந்தது. அவர் மனைவி திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தெருவே அவளை மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும்.

"என்னங்க, சாயங்காலம் இந்த மூட்டையைக் கொண்டுபோய்க் குடுக்கணும்."

"மறுபடியுமா? போன வாரம்தானே ஹெல்ப் பண்ணேன்?"

"அதுக்குப் பேரு ஹெல்ப்பா? வீட்டு வண்டி, வீட்டு வேலை. நான் தினம் சமைக்கிறதை என்னைக்காவது ஹெல்ப்புன்னு சொல்லியிருக்கேனா?"

"சொல்லிட்டுப் போயேன், யாரு வேணாங்கறா?"

"சொல்லவும் வேணாம், கேக்கவும் வேணாம். எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க. நானே போய்க்கிறேன்."

மாஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவள் லைசென்ஸ் வாங்கினால் கார் போச்சு. டிரைவிங் மாஸ்டர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவதா? படிக்க வருகிறவன் பார்த்தால் என்ன மரியாதை மிஞ்சும்?

"சரி, ஒரு ஒப்பந்தம். முதல் டெஸ்ட்லயே பாஸானா வாரநாள்ல வண்டி உனக்கு. ஃபெயிலானா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி."

"நானே சொல்லித் தரேன். ஃபுல் ஹெல்ப்பும் நான்தான்."

"உங்களை விட்டா எனக்கு யாரு?" என்றாள் அவள், பல்லில் கடித்திருந்த நூலை விடாமலே.

மாஸ்டர் மனசுக்குள் குதித்தார். காரணம் இருந்தது. டெஸ்ட் நாளில் அவருடைய சீட்டில் இன்ஸ்பெக்டர் உட்காருவார். அதற்கு முன்னால் இரண்டாவது பிரேக்கைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதியை மட்டும் அவர் மனைவியிடம் சொல்லவில்லை. டெஸ்ட் வரைக்கும் அவளை ஒரு தடவைகூடத் தானாக பிரேக் போட விடக் கூடாது. எல்லாவற்றையும் அவர் காலே செய்து கெடுத்துவிட வேண்டும். ஹெல்ப் பண்ணியே ஒருத்தரைக் கவிழ்க்கலாம் என்று கண்டுபிடித்ததற்காக அவர் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

பாடம் ஆரம்பமானது. நாய் வந்தால் மிதித்தார். நாய் வருமோ என்று மிதித்தார். தூரத்தில் சிவப்புச் சேலை தெரிந்தால் சிக்னல் என்று மிதித்தார்.

"என்னங்க, நான் பிரேக் போடவே விட மாட்டேங்கறீங்களே?"

"நீ ஸ்டியரிங்கைப் பாரும்மா. பிரேக் என் டிபார்ட்மென்ட்."

"டெஸ்ட்லயும் இப்படித்தானா?"

"அப்படியேதான்!" என்றார் மாஸ்டர், கூசாமல்.

ஒருநாள் சந்திலிருந்து ஒரு தண்ணீர் லாரி திடீரென்று மூக்கை நீட்டியது. மாஸ்டர் "ஐயோ!" என்று இரண்டு காலாலும் மிதித்தார். கார் லாரிக்கு முன்னால் ஒரு முழம் விட்டு நின்றது. அன்றைக்கு அவர் வீட்டில் சொன்னார், தெருவில் சொன்னார், ஸ்கூலில் சொன்னார். "இந்தக் கால் மட்டும் இல்லைன்னா நாங்க ரெண்டு பேரும் போட்டோவுலதான் இருந்திருப்போம்." மாஸ்டரம்மா மறுத்துப் பேசவில்லை. அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம்கூடக் கொடுத்தாள்.

டெஸ்ட் நாளும் வந்தது. அவள் விடிந்ததும் விடியாததுமாகத் திரைச்சீலை மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கிவிட்டாள்.

"இதெல்லாம் எதுக்கு?"

"டெஸ்ட் முடிஞ்சதும் டெலிவரி குடுக்கணுங்க."

பாவம், என்ன நம்பிக்கை என்று மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஸ்கூல் மெக்கானிக்கை ஸ்பேனரோடு டெஸ்ட் மைதானத்துக்கு வரச் சொல்லி அவர் முந்தின நாளே ஏற்பாடு செய்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். காருக்குள் எட்டிப் பார்த்தார். "என்னங்க இது, செகண்ட் பிரேக் இருக்கு? கழட்டலையா?"

"அடடா, மறந்தே போச்சு சார்!" மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நன்றாகவே நடித்தார். "அந்த ஹெல்ப் இல்லாம இவ எப்படி ஓட்டுவாளோ! சரி, விதின்னா விதிதானே. தம்பி, கழட்டுப்பா."

மனைவியின் முகம் வெளிறுவதைக் காண ஆசையாகத் திரும்பினார். அவள் காரின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மெக்கானிக் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"கழட்டுன்னு சொல்றேன்ல?"

"எதை மாஸ்டர்?"

"ஹெல்ப்பைத்தான்!"

"அதைக் கழட்டிப் பல நாளாச்சே!"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னப்பா உளர்றே? நேத்துகூட மிதிச்சேனே!"

"நீங்க மிதிச்சீங்க மாஸ்டர். பெடல் மட்டும்தான் இருக்கு, அது பிரேக்கோட மாட்டலை. 'டெஸ்ட்ல இது இருக்காதாமே, இல்லாமலே பழகிக்கிறேன்'னு அக்கா கேட்டாங்க. நீங்க ஸ்கூல் வண்டியில பாடம் எடுக்கப் போறப்ப, ஸ்கூல்ல நிக்கிற உங்க வண்டியை அக்காவை ஓட்டச் சொல்லி நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். சுத்தமா ஓட்டினாங்க. அப்புறம்தான் கழட்டினேன். உங்க காலுக்குத் தெரிஞ்சிடக் கூடாதுன்னு அடியில ஒரு ஸ்பிரிங்கும் வச்சேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "எப்படி மாஸ்டர், ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சா?"

  மாஸ்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நீ கழட்டினது தண்ணி லாரி வந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான் மாஸ்டர்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த லாரியின் மூக்கு கண்ணுக்குள் வந்து நின்றது. அதற்கும் தன் உயிருக்கும் நடுவில் இருந்தது ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கை நம்பியா ஊரெல்லாம் மார்தட்டினோம்! 

இன்ஸ்பெக்டர் அந்த வெறும் பெடலைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். கார் கிளம்பியது. திருப்பம் வரும்போதெல்லாம் மாஸ்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மண்ணை மிதித்தார். அவர் மிதிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே வண்டி பதவிசாக வேகம் குறைந்தது. கம்பங்களுக்கு நடுவே பின்னால் போனது, ஒன்றைக்கூட உரசாமல் நின்றது.

"பாஸ்!" என்று இறங்கினார் இன்ஸ்பெக்டர். "மாஸ்டர், நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. கால்ல பதட்டமே இல்லை."

யார் காலைச் சொல்கிறார் என்று கேட்க மாஸ்டருக்குத் தெம்பில்லை. மெக்கானிக்தான் அவரைத் தூக்கி நிறுத்திக் காரில் ஏற்றினான். அவள் ஓட்ட, அவர் பழைய சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப... அந்த லாரியை நிறுத்தினது?"

"நான்தாங்க."

"நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, ஏன் பேசாம இருந்தே?"

"ஆசையா சொல்லிக்கிட்டிருந்தீங்க. கெடுப்பானேன்?"

"அப்ப இத்தனை நாளா நான் ஒரு ஹெல்ப்பும் பண்ணலையா?"

"ஏன் இல்லாம? நீங்க 'ஐயோ'ன்னு வாயைத் திறக்கிறதுக்குள்ள மிதிச்சிடணும்னு பழகினேன். உங்களை மாதிரி சீக்கிரமா பயப்படுற ஆள் எனக்கு எங்க கிடைப்பாங்க?"

இதைக் குத்தலாகச் சொல்கிறாளா, நன்றியோடு சொல்கிறாளா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கார் ஓரமாக நின்றது. நின்றதே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக.

"ஏம்மா நிறுத்திட்டே?"

"உங்க ஸ்கூல் அந்தப் பக்கம், என் டெலிவரி இந்தப் பக்கம். இன்னைக்கு வாரநாள்தானே?"

மாஸ்டர் இறங்கினார். பின்னால் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவர் கால் தன் பாட்டுக்கு ரோட்டை அழுத்தி மிதித்தது.

"கையை மட்டும் காட்டுங்க," என்றாள் மாஸ்டரம்மா கியரைப் போட்டபடி. "பிரேக்கை அந்த டிரைவர் பார்த்துக்குவாரு."